பொறியியலாளருக்குப் பேச்சும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பொறியியல் பீடத்துக்குப் பிள்ளைகளை எடுப்பது உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியை (பாடங்களை ஒப்பிடச் சீராக்கிய புள்ளியை) வைத்துத்தான். ரியூசனில் வாய் திறக்காமலே யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இருக்கும் கிளிநொச்சி அறிவியல்நகர் வரை போய்விடலாம். நேர்முகத் தேர்வு வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. வைத்தால் செல்வாக்குள்ளவர் பிள்ளைதான் நுழையும். ஆனால் உள்ளே போனபின்?

எங்கள் ஊர் வாய்க்கால் வேலைக்கு வந்த இளம் பொறியியலாளரிடம், "மாரி வெள்ளம் எந்தப் பக்கத்தால போகும் தம்பி?" என்று கமக்காரர் ஒருவர் கேட்டார். தம்பி மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். வரைபடத்தில் பிழை இருந்திருக்காது; கேட்டவருக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை.

பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும், இலங்கை 2014இல் இணைந்த வாஷிங்டன் உடன்படிக்கையே தொடர்பாடலையும் குழுவேலையையும் பட்டதாரிக்குரிய தகைமைகளில் சேர்த்திருக்கிறது. சரி, ஊராருக்குத் தமிழில் விளக்குவதற்கும் இறுதியாண்டுச் செயற்றிட்டத்தில் புள்ளி வைக்கலாமே?

ஒரு வாசகர்,
கோண்டாவில்.