வீசப்பட்டது வாக்குமூலம், வழக்கல்ல

ஆசிரியர் அவர்கட்கு,

ஜேர்மன் நீதிமன்றங்கள் பற்றிக் கடந்த ஞாயிறு இதழில் வெளிவந்த கட்டுரை, 2002இல் பிராங்பேர்ட்டில் நடந்த சிறுவன் கடத்தல் வழக்கை எடுத்துக்காட்டி, 'பொலிஸ் மிரட்டியது என்பதற்காக வாக்குமூலத்தையே தூக்கி வீசிவிட்டார்கள், கொலைகாரன் தப்பப் பார்த்தான்' என்ற தொனியில் முடிகிறது. ஹெசன் மாநில நீதிமன்றங்களில் தமிழ் உரைபெயர்ப்பாளராக வேலை செய்பவன் என்ற முறையில் மீதிக் கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடத்தப்பட்டவன் பதினொரு வயதுப் பிள்ளை. கேட்ட கப்பம் பத்து லட்சம் யூரோ. பணத்தை எடுத்தவனைப் பொலிஸ் பின்தொடர்ந்து பிடித்தது. பிள்ளை எங்கே என்பதற்கு மட்டும் அவனிடமிருந்து உண்மை வரவில்லை. பிள்ளை இன்னும் உயிரோடு இருப்பான் என்று நம்பிய நகரப் பொலிஸின் துணைத் தலைவர், தாங்க முடியாத வலி கொடுக்கப்போவதாக அவனை மிரட்டும்படி உத்தரவிட்டார். உத்தரவிட்டதைத் தன் கையாலேயே கோப்பில் குறித்தும் வைத்தார். (அந்தக் குறிப்பு இல்லாதிருந்தால் இன்றைக்கு நாம் இதைப் பற்றி விவாதித்துக்கொண்டிருப்போமா என்பது சந்தேகம்தான்.) பயந்துபோனவன் இடத்தைச் சொன்னான். பிள்ளையோ ஏற்கெனவே கொல்லப்பட்டிருந்தான்.

ஜேர்மன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 136அ பிரிவு விசாரணையில் எதெதெல்லாம் கூடாது என்று வரிசையாகச் சொல்கிறது. அடி, உடலைக் களைக்க வைப்பது, மருந்து, ஏமாற்று, மிரட்டல் எல்லாம் அதில் உண்டு, ஹிப்னாட்டிசம்கூட. அப்படிப் பெற்ற வாக்குமூலத்தைப் பயன்படுத்தச் சந்தேகநபரே சம்மதித்தாலும் அது செல்லாது. ஆகவே 2003இல் பிராங்பேர்ட் நீதிமன்றம், வழக்கு தொடங்கும்வரை அவன் சொன்ன அனைத்தையும் ஒதுக்கியது. ஒதுக்கியதோடு நிற்காமல், 'இதுவரை சொன்னவை உமக்கெதிராகப் பாவிக்கப்படாது' என்று அவனுக்கே விளங்கப்படுத்தியது. அதன் பிறகும் அவன் மன்றில் புதிதாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டான். கிடைத்தது ஆயுள் தண்டனை. குற்றத்தின் பாரதூரம் அசாதாரணமானது என்ற தீர்மானமும் சேர்ந்ததால், பதினைந்து ஆண்டு முடிந்ததும் வெளியே வரும் சாதாரண வழியும் அடைபட்டது. இதில் தப்பியவர் யார்?

குறை சொல்வதென்றால் நான் வேறு இடத்தில் சொல்வேன். வாயால் வந்ததை ஒதுக்கிய அதே நீதிமன்றம், அந்த வாய்ச்சொல்லின் வழியே கிடைத்த பிள்ளையின் உடலையும், அங்கிருந்த கார் டயர் தடத்தையும் சான்றாக ஏற்றது. ஜேர்மன் நீதிமன்றங்களின் வழக்கம் பொதுவாக அதுதான். வேர் கெட்டதென்று கனியை வீச மாட்டார்கள். உடல் மேசைக்கு வந்துவிட்ட பிறகு ஒப்புக்கொள்வதைத் தவிர அவனுக்கு வேறென்ன வழி? ஸ்ட்ராஸ்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு 2010 ஜூன் 1இல், மிரட்டியது மனிதத்தன்மையற்ற நடத்தை என்றது. வழக்கு விசாரணை நியாயமானதே, தண்டனை புதிய ஒப்புதலில்தான் நிற்கிறது என்றும் சொன்னது. ஆறு நீதிபதிகள் அதற்கு உடன்படவில்லை. நானும் அந்த ஆறு பேர் பக்கம்தான்.

மிரட்ட உத்தரவிட்ட அதிகாரிக்கு என்ன நடந்தது என்பதைக் கட்டுரை தொடவேயில்லை. 2004 டிசம்பரில் அவரும் மிரட்டிய கீழதிகாரியும் குற்றவாளிகளாகக் காணப்பட்டார்கள். தண்டனை அபராதம்தான், அதுவும் ஒத்திவைக்கப்பட்டது. போதாது என்று ஸ்ட்ராஸ்பேர்க்கும் சொன்னது.

நான் உரைபெயர்த்த வழக்குகளைப் பற்றி வெளியே பேச எனக்கு அனுமதியில்லை. பொதுவாக ஒன்றைச் சொல்லலாம். 'நீர் எதுவும் சொல்லத் தேவையில்லை, சட்டத்தரணியுடன் முதலில் பேசலாம்' என்று பொலிஸார் வாசிப்பதை நான் தமிழில் சொல்லி முடிக்கும்போது, நம்மவர்கள் பலர் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். "தம்பி, சொல்லாட்டி என்ன செய்வாங்கள்?" என்று ஒரு ஐயா தணிந்த குரலில் கேட்டார். அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இலங்கையின் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் சான்றாக ஏற்கப்படும். அது அடித்து வாங்கியது என்று நிரூபிக்கும் பாரம் கைதியின் தலையில்.

ஜேர்மனியிலும் 'எதுவும் சொல்லத் தேவையில்லை' என்ற அந்த அறிவுறுத்தல் எப்போதும் இப்படிக் காக்கவில்லை. அதைச் சொல்லாமல் எடுத்த வாக்குமூலம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்மானித்தது 1992இல்தான். இன்றும் அதில் ஒரு பொறி இருக்கிறது. விசாரித்த பொலிஸ்காரர் மன்றில் சாட்சி சொல்லி முடித்த கையோடு சட்டத்தரணி ஆட்சேபிக்க வேண்டும். பிறகு ஞாபகம் வந்து பயனில்லை. ஆகவே ஜேர்மனியில் பொலிஸ் அழைப்பு வந்தவர்கள், வழக்கு மன்றுக்கு வரும்வரை காத்திராமல் சட்டத்தரணியை முதல் நாளே பிடியுங்கள். உரைபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அதற்குக் காசு கேட்க மாட்டார்கள். கொலைக் குற்றச்சாட்டென்றால் 2020 முதல் பொலிஸ் விசாரணையை வீடியோவில் பதிய வேண்டும் என்பது சட்டம். பதிகிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஹெசனிலிருந்து ஒரு நீதிமன்ற உரைபெயர்ப்பாளர்