ஜெபச் சீட்டுல இருக்கிற அந்த காணிக்கை வரிய எடுத்துடுங்க: நம்ம சபைக் கமிட்டிக்கும் ஜெபக்குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

மரியாதைக்குரிய ஆயர் அய்யா, கமிட்டி அண்ணன்மார், ஜெபக்குழு அக்காமார் எல்லாருக்கும் இயேசுவின் நாமத்துல ஸ்தோத்திரம்.

விஷயம் என்னன்னு உங்களுக்கே தெரியும். போன ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு ஆபீஸ் ரூம் வாசல்ல, தேயிலைத் தோட்ட லயத்துல (தொழிலாளர் வரிசை வீடு) இருந்து ஒரு அக்கா கொண்டு வந்த ஜெபச் சீட்ட நீங்க திருப்பிக் கொடுத்தத பாதி சபை நேர்ல பாத்துச்சு, மீதிப் பேருக்கு மத்தியான சாப்பாட்டுக்குள்ள வாட்ஸ்அப்ல வந்துருச்சு. அதனால ஆதியாகமத்துல இருந்து ஆரம்பிக்கல. கேக்க வேண்டியத முதல்லயே கேட்டுடறேன். ஜனங்க ஜெப வேண்டுதல எழுதிப் போடறதுக்கு புதுசா அச்சடிச்ச ஜெபக்குறிப்பு சீட்டுல "சந்தா எண்", "காணிக்கை ரூ." அப்படின்னு ரெண்டு வரி இருக்கே, அத எடுத்துடுங்க. தயவுசெஞ்சு.

அன்னைக்கு நீங்க திருப்பிக் கொடுத்த சீட்டு இப்ப என்கிட்டதான் இருக்கு. அந்த அக்கா அத கசக்கி கைக்குள்ள வச்சுகிட்டு படி இறங்கிப் போனாங்க, நான்தான் கேட்டு வாங்கிட்டேன். எழுதினது அவங்க பையன், என் சண்டே கிளாஸ்ல உக்கார்ற பையன்தான், பென்சில்ல அழுத்தி எழுதியிருக்கான், பின்பக்கம் தடவிப் பாத்தா எழுத்து கைல தட்டுப்படுது. "எங்க பக்கத்து வீட்டம்மாவ காட்டெருமை முட்டிருச்சு. கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரில இருக்காங்க. நல்லா ஆகி வரனும். அவங்க பிள்ளைங்களுக்கும் ஜெபம் பன்னுங்க." அவ்வளவுதான். சந்தா எண் கேட்ட இடத்துல பாவம் அவனுக்கு என்னன்னு தெரியல, லயத்து வீட்டு நம்பர எழுதி வச்சிருக்கான். காணிக்கை இடத்துல ஒரு கோடு. அந்த ரெண்டையும் சிவப்பு பேனால வட்டம் போட்டு, மேல "சபை அங்கத்தினர் அல்ல" னு யாரோ எழுதியிருக்கீங்க. யாருன்னு நான் கேக்கல, கையெழுத்து எல்லாருக்கும் தெரிஞ்ச கையெழுத்துதான்.

அந்த சீட்டுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு கொஞ்சம் சொல்லணும், ஏன்னா அங்க நின்ன யாருக்கும் கேக்க நேரம் இல்ல. அந்தப் பக்கத்து வீட்டம்மா நம்ம ஆளு இல்ல, லயத்துக்கு மேல இருக்கிற மாரியம்மன் கோயிலுக்குப் போறவங்க. அவங்க வீட்டுப் பெரியவங்க 1964ல இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துல சிலோன்ல இருந்து வந்தவங்க. இந்த அக்காவுக்கும் அவங்களுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது, எல்லாம் தண்ணி பைப்பால வந்தது. ஒரு பைப்பு, அதுவும் வெயில் காலத்துல ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும், யார் குடம் முன்னாடி யார் குடம் பின்னாடின்னு ஆரம்பிச்சு வருஷக்கணக்கா முகம் பாக்காத சண்டை. இப்ப காலைல பனி விலகறதுக்கு முன்னாடி கொழுந்து எடுக்கப் போன இடத்துல தேயிலைச் செடிக்குள்ள படுத்திருந்த காட்டெருமை எந்திரிச்சு முட்டி, இடுப்பெலும்பும் விலாவும் போச்சு. கோத்தகிரி ஜிஎச், அங்கிருந்து 108ல மேட்டுப்பாளையம் இறங்கி கோயமுத்தூர். அந்தம்மாவோட வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வராண்டாவுல கிடக்கிறார். அவங்க ரெண்டு பிள்ளைங்களுக்கும் இப்ப சோறு போட்டு தலை சீவி ஸ்கூலுக்கு அனுப்பறது யாரு தெரியுமா? நீங்க சீட்ட திருப்பிக் கொடுத்தீங்களே, அந்த அக்காதான்.

இதுல அவங்களுக்கு என்ன லாபம்? அந்தம்மா பொழச்சு வந்தா மறுபடியும் பைப்புல குடம் வைக்க ஆளு வரும், அவ்வளவுதான். "உங்களைத் துன்பப்படுத்துகிறவர்களுக்காகவும் ஜெபம்பண்ணுங்கள்" னு நாம மனப்பாட வசனமா பிள்ளைங்களுக்கு சொல்லிக் கொடுத்து பென்சில் பாக்ஸ் பரிசு கொடுக்கிறோம். அத ஒரு பொம்பளை நிஜமாவே பண்ணிட்டு வந்து நம்ம வாசல்ல நிக்கறாங்க, நாம சந்தா நம்பர் கேக்கறோம்.

அன்னைக்கு காலைல பிரசங்கம் என்னன்னு ஞாபகம் இருக்கா அய்யா? யோபு 42. "யோபு தன் சிநேகிதருக்காக வேண்டுதல் செய்தபோது கர்த்தர் அவன் சிறையிருப்பை மாற்றினார்", அதனால நீங்களும் அடுத்தவங்களுக்காக ஜெபிங்க, உங்களுக்கு ரெண்டத்தனையா வரும், வீடு வரும், பிள்ளைங்களுக்கு படிக்க சீட்டு வரும். ஆமென் ஆமென்னு எல்லாரும் சொன்னோம். கோவிச்சுக்காதீங்க, நீங்க இத்தன வருஷமா எங்களுக்கு சொல்லிக் கொடுத்த மாதிரியே அந்த அதிகாரத்த முன்னாடி இருந்து வாசிச்சுப் பாத்தேன். அந்த சிநேகிதங்க யாரு? புண்ணோட சாம்பல்ல உக்காந்திருந்தவன்கிட்ட வந்து, நீ பாவம் பண்ணதாலதான் உனக்கு இப்படின்னு அதிகாரம் அதிகாரமா குத்திக்காட்டினவங்க. அவங்களுக்காக வேண்டிக்கச் சொல்றப்ப யோபுகிட்ட ஒண்ணும் திரும்பி வரல, பிள்ளைங்க இல்ல, சொத்து இல்ல. ரெண்டு மடங்கு வரும்னு யாரும் அவன்கிட்ட முன்கூட்டி சொல்லவும் இல்ல. வரும்னு தெரிஞ்சு பண்ணியிருந்தா அது வேண்டுதல் இல்ல, சீட்டுக் கம்பெனில பணம் கட்டறது. நாம அந்த மனுஷன் கண்ணீர எடுத்து ஸ்கீமா மாத்திட்டோம்.

மோசேய எடுத்துக்கோங்க. கன்னுக்குட்டிய செஞ்சு கும்பிட்ட ஜனத்துக்காக நின்னு, மன்னிக்க மாட்டீர்னா உம்முடைய புஸ்தகத்துல இருந்து என் பேர கிறுக்கிப்போடும்னு கேட்டான். பேர எழுதச் சொல்லிக் கேக்கல, கிறுக்கச் சொல்லிக் கேட்டான்! நம்ம சபைல ஜெபக்குழு லிஸ்ட்ல ஒரு பேரு விட்டுப் போச்சுன்னு மூணு வாரம் ஒருத்தர் கோயிலுக்கே வரல. கைகால் வராத திமிர்வாதக்காரன இயேசுகிட்ட தூக்கிட்டு வந்த நாலு பேரும் அப்படித்தான், கூரைய பிரிச்சு இறக்கினாங்க, பைபிள்ல ஒருத்தர் பேரும் இல்ல. கூரைய சரி பண்ண செலவ யார் கொடுத்தாங்கன்னும் இல்ல, நம்ம கமிட்டியா இருந்தா அதத்தான் முதல்ல கேட்டிருப்போம்.

கமிட்டில ஒரு அண்ணன் எனக்கு சொன்ன பதில் தெரியும். "தம்பி, சீட்டு நிறைய வருது, எல்லாத்தையும் பீடத்துல படிக்க நேரம் பத்தல, அதான் காணிக்கை வச்சவங்கள முதல்ல படிக்கிறோம், மத்தத வாரத்துல ஜெபிச்சுக்கிறோம்." நேரம் பத்தலையாண்ணே? புது சவுண்ட் சிஸ்டத்துக்கு யார் யார் எவ்வளவு கொடுத்தாங்கன்னு ரூபாய் பைசாவோட படிச்சது எவ்வளவு நேரம்? கல்யாண நாளுக்கு கேக் வெட்டினது? நேரம் இருக்கு. யாருக்கு கொடுக்கறதுங்கறதுதான் கேள்வி. அப்போஸ்தலர் 8ல பரிசுத்த ஆவியோட வரத்த விலைக்கு வாங்க மாயவித்தைக்காரன் சீமோன் பணத்த நீட்டினப்ப பேதுரு ரசீது போட்டுக் கொடுக்கல, "உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப்போகக்கடவது" னு முகத்துக்கு நேரா சொன்னாரு. அந்த வசனத்த அச்சடிக்க சீட்டுல இடம் இருக்கு, அந்த ரெண்டு வரிய எடுத்தீங்கன்னா.

அங்கத்தினர் இல்லன்னு எழுதினீங்களே, அதுதான் ரொம்ப உறுத்துது. தீமோத்தேயுக்கு பவுல் ஜெபிக்கச் சொல்லி எழுதினது "எல்லா மனுஷருக்காகவும்". நம்ம நீலகிரி மலை கதையவே எடுத்துக்கோங்க, ஐரோப்பாவுல இருந்து வந்த பாசல் மிஷன்காரங்க 1846ல ஊட்டி பக்கத்துல கேத்தில வந்து உக்காந்தாங்க, இந்த மலையோட படகர் ஜனத்துல முதல் ஆளு ஞானஸ்நானம் எடுத்தது 1858ல. நடுவுல அந்த 12 வருஷம் அவங்க யாருக்காக ஜெபிச்சாங்க? சந்தா கட்டினவங்களுக்கா? 2009 நவம்பர்ல மழை பேஞ்சு மலை மலையா சரிஞ்சு வீட்டோட ஜனங்க புதைஞ்சப்ப நாம யாராவது எந்த சபை, எந்த சாமின்னு கேட்டோமா, நடுராத்திரி முழங்கால்ல நின்னோமே. அப்ப இருந்த ஜெபம் எங்க போச்சு?

எழுத ஆரம்பிச்சாச்சு, இதையும் சொல்லிடறேன். பச்சைத்தேயிலைக்கு விலை கூடணும்னு வாரா வாரம் பீடத்துல ஜெபம் நடக்குது, நடக்கட்டும், சிறு விவசாயிங்க கஷ்டம் எனக்கும் தெரியும், எங்க வீட்லயும் தேயிலை இருக்கு. ஆனா அந்த இலைய பறிக்கிற பொம்பளைங்க கூலி கூடணும்னு ஒரு தடவையாவது யாராவது ஜெபிச்சு கேட்டிருக்கீங்களா? கேக்க மாட்டோம், ஏன்னா அந்த ஜெபம் கேக்கப்பட்டா நம்ம கைல இருந்துதான் போகும்! அப்புறம் நம்ம ஜெபக்குழு வாட்ஸ்அப். "அந்த வீட்டுப் பொண்ணுக்காக ஜெபிச்சுக்கோங்க, யாரோ ஒரு பையனோட ஊட்டி பஸ் ஸ்டாண்டுல பாத்தாங்களாம்." இது ஜெபக்குறிப்பா? கூடவே ரெண்டு கும்பிடற கை படம் வேற. இதுக்கு சந்தா எண்ணும் கேக்கறதில்ல காணிக்கையும் கேக்கறதில்ல, உடனே எல்லாருக்கும் போயிருது. பொதுவுல ஒருத்தர் பேரச் சொல்லி பத்து நிமிஷம் கண்ணீரோட ஜெபிக்கிறவங்க அவங்க வீட்டுப் படிய மிதிச்சு ஒரு டம்ளர் கஞ்சி கொண்டுபோய் கொடுத்தத நான் அதிகம் பாத்ததில்ல. கதவப் பூட்டி அந்தரங்கத்துல ஜெபம்பண்ணுன்னு ஆண்டவர் சொன்னாரு, நாம மைக் ஆன் ஆயிருச்சான்னு தட்டிப் பாத்துட்டு ஆரம்பிக்கிறோம்.

சரி, கோவத்துல எங்கயோ போயிட்டேன். மன்னிச்சுக்கோங்க. ஜெபக்குழுல வெளிய தெரியாம ராத்திரி எந்திரிச்சு அடுத்தவங்க பிள்ளைகளுக்காக அழற அம்மாக்கள் இருக்கீங்க, எனக்குத் தெரியும், இந்த மடல் உங்கள சொல்லல.

பணமே வேண்டாம்னும் நான் சொல்ல வரல. சபைக்கு செலவு இருக்கு, கூரை ஒழுகுது, கரண்ட் பில் வருது. காணிக்கைப் பெட்டி வாசல்ல இருக்கு, இன்னொன்னு கூட வைங்க, கொடுக்கிறவங்க கொடுப்பாங்க. ஜெபச் சீட்டையும் காணிக்கையையும் ஒரே தாள்ல வைக்காதீங்க, அவ்வளவுதான் கேக்கறேன். வர்ற சீட்டு எல்லாத்தையும் படிங்க, நேரம் இல்லன்னா யாரோடதையும் படிக்காம மொத்தமா கைல ஏந்தி ஜெபிங்க, கர்த்தருக்கு பென்சில் எழுத்தும் தெரியும். சபைக்கு வெளிய இருக்கிறவங்களுக்காக வர்ற சீட்ட திருப்பி அனுப்பாதீங்க.

ஆயர் அய்யாகிட்ட தனியா ஒரு வேண்டுகோள். அடுத்த கமிட்டிக் கூட்டத்துல இத எடுங்க. ஏற்கனவே அச்சடிச்ச கட்டு வீணாப் போயிடும்னு யாராவது சொன்னா என்கிட்ட கொடுங்க, எங்க சண்டே கிளாஸ் பிள்ளைங்கள உக்கார வச்சு அந்த ரெண்டு வரியையும் ஸ்கேல் வச்சு அடிச்சுத் தந்துடறோம். அந்தம்மாவுக்கு இன்னொரு ஆபரேஷன் இருக்குன்னு சொல்றாங்க, அதனால அந்தப் பையனோட சீட்ட வர்ற ஞாயித்துக்கிழமை பெட்டில மறுபடியும் போடறேன், சிவப்பு வட்டத்தோடவே. இந்த தடவ படிங்க அய்யா.

இப்படிக்கு,
உங்க சபை அங்கத்தினன் ஒருத்தன் (சந்தா பாக்கி இல்லாதவன்)