ஃப்ளாப் ஷோ திரும்பப் பாத்தேன் வசு

வசு,

எப்படி இருக்க? அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி ரெண்டு மாசம் ஆச்சே, வாக்கர் இல்லாம நடக்கறாங்களா? ஃபோன்ல பேசினா நீயும் நானும் சமையல், பசங்க, ப்ரஷர் மாத்திரைன்னு பேசியே வச்சுடறோம், அதான் இந்த தடவை உக்காந்து எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுமையா படி.

போன வாரம் சரோஜினி நகர் மார்க்கெட் போயிருந்தேன். நம்ம குவார்ட்டர்ஸ் இருந்த இடம் உனக்கு இப்போ அடையாளமே தெரியாது டீ. நேதாஜி நகர், நௌரோஜி நகர் எல்லாம் இடிச்சு அடுக்கு அடுக்கா டவர் கட்டியாச்சு. உங்க பிளாக் முன்னாடி இருந்த வேப்ப மரத்தைத் தேடிப் பாத்தேன், எந்தப் பக்கம்னே புரியல. பிள்ளையார் கோயில் மட்டும் இருக்கு, போய் கும்பிட்டுட்டு வந்தேன், உனக்கும் சேத்து. அன்னிக்கு ராத்திரி மயூர் விஹார் வீட்டுக்கு வந்து தூக்கமே வரல. யூட்யூப்ல எதையோ தட்டிட்டு இருந்தப்போ ஃப்ளாப் ஷோ வந்துச்சு, தூர்தர்ஷன்ல வந்த அந்த ஹிந்தி காமெடி சீரியல். ஜஸ்பால் பட்டி! 1989-ல எங்க வீட்டு முன் ரூம்ல பாய் விரிச்சு உக்காந்து பாத்தோமே, அதே தான். மொத்தமே பத்து எபிசோட் தான்னு இப்போ தான் எனக்குத் தெரியும், நான் என்னமோ ரெண்டு வருஷம் ஓடின மாதிரி மனசுல வச்சிருந்தேன். ஒரே ராத்திரில மூணு எபிசோட் பாத்தேன், மறுநாள் ஸ்கூல்ல கண்ணெல்லாம் எரிச்சல், ஆனாலும் அன்னிக்கு ராத்திரியும் உக்காந்துட்டேன்.

டைட்டில்லயே டைரக்‌ஷன்னு போடாம மிஸ்டைரக்‌ஷன்னு போடுவாரே, கடைசில சினிமாப் பாட்டு மெட்டுல ஒரு நக்கல் பாட்டு வருமே, ஞாபகம் இருக்கா? நீ பாடுவ, எனக்குத் தான் ஹிந்தி அவ்வளவு வேகமா வராது. எல்லாரும் கத்திக்கிட்டு இருப்பாங்க, அவர் மட்டும் முகத்துல சிரிப்பே இல்லாம, டைபிஸ்ட் கிட்ட லெட்டர் டிக்டேட் பண்ற மாதிரி பேசிட்டுப் போவார். இன்னிக்கும் அது அப்படியே நிக்குது. செட் எல்லாம் பாவமா தான் இருக்கு, ஒரு சோபா ஒரு கர்ட்டன் ஒரு டீ டேபிள், அவ்வளவு தான் செலவு பண்ணியிருப்பாங்க. அவர் மனைவி சவிதா பட்டி தான் தயாரிப்பு, நடிச்சதும் அவங்க தான். சண்டிகர் பஞ்சாப் இன்ஜினியரிங் காலேஜ்ல எலக்ட்ரிகல் படிச்ச மனுஷன், அங்கயே நான்சென்ஸ் கிளப்னு ஒண்ணு வச்சு தெரு நாடகம் போட்டிருக்கார், அப்புறம் ட்ரிப்யூன் பேப்பர்ல கார்ட்டூன். அதனால தான் போல ஒவ்வொரு சீனும் கார்ட்டூன் கட்டம் மாதிரி சின்னதா, நேரா விஷயத்துக்கு வருது.

ஆனா நான் எழுத நினைச்சது வேற வசு. பாக்கப் பாக்க அந்த ரூம்ல இருந்த ஒவ்வொருத்தரும் எனக்கு ஞாபகம் வந்தாங்க. எல்லாரும் சேந்து சிரிச்சோம்னு தான் இத்தனை வருஷம் நினைச்சிட்டு இருந்தேன், இப்போ யோசிச்சா ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு காரணத்துக்கு சிரிச்சிருக்கோம்னு தோணுது. அப்பாவை எடுத்துக்கோ. பொய் மெடிக்கல் பில் போடறதைப் பத்தி ஒரு எபிசோட் வந்துச்சே, அப்பா அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன்ல அந்த மாதிரி பில்லைத் தினம் கையில எடுத்துப் பாக்கறவர், எங்க எல்லாரையும் விட ஒரு நிமிஷம் முன்னாடியே சிரிச்சுடுவார், அடுத்து என்ன வரப்போகுதுன்னு அவருக்குத் தெரியும். மீட்டிங் எபிசோடுக்கும் அதே தான், கண்ணுல தண்ணி வர சிரிச்சார்.

அப்புறம் மாடி வீட்டு சர்தார் அங்கிள். அவரைப் பத்தி எழுதும்போது எனக்கு இன்னும் தொண்டை அடைக்குது. 84 நவம்பர்ல, இந்திரா காந்தி கொலைக்கு அப்புறம் டெல்லில சீக்கியர்களைத் தேடித் தேடித் தாக்கினப்போ, அவங்க குடும்பமே மூணு ராத்திரி எங்க உள் ரூம்ல லைட் போடாம உக்காந்திருந்தாங்க, உனக்கு அது தெரியும், உங்க வீட்டுலேந்து தான் ராத்திரி சப்பாத்தி வந்துச்சு. அப்பா மாடிக்குப் போய் அவங்க வாசல் நேம் பிளேட்டைக் கழட்டி எடுத்துட்டு வந்து எங்க அரிசி டப்பாக்குள்ள புதைச்சு வச்சார். அதுக்கப்புறம் அங்கிள் வெளில சத்தமா பேசியே நான் பாத்ததில்ல. பார்க்ல உக்காந்தா கூட சுவத்துக்கு முதுகைக் கொடுத்து தான் உக்காருவார். அஞ்சு வருஷம் கழிச்சு அதே வீட்டு முன் ரூம்ல, எங்க சாலிடேர் டிவில, தலைப்பாகை கட்டின ஒரு சர்தார்ஜி வந்து நாடு முழுக்க சிரிக்க வைக்கறார். அப்போ பேப்பரைத் திறந்தா பஞ்சாப்னாலே சுட்டாங்க செத்தாங்கன்னு தான் இருக்கும். சர்தார்னா ஒண்ணு பயப்படணும், இல்லாட்டி சர்தார் ஜோக் சொல்லிக் கேலி பண்ணணும்னு இருந்த காலம். பட்டி ரெண்டுமே இல்லாம, நம்ம எல்லார் ஆபீஸ்லயும் இருக்கற ஒருத்தரா வந்து உக்காந்தார். அங்கிள் பிளாஸ்டிக் சேர்ல முன்னாடி சாஞ்சு, ரெண்டு கையாலயும் தொடையத் தட்டித் தட்டி சிரிச்சார். ஆன்ட்டி டிவியப் பாக்காம அவரையே பாத்துட்டு இருந்தாங்க. அன்னிக்கு நான் அதை, ஆன்ட்டிக்கு ஜோக் புரியலன்னு நினைச்சேன். பதினாறு வயசு, அவ்வளவு தான் புத்தி எட்டிச்சு.

இப்போ என் கதைக்கு வரேன். அந்த பிஎச்டி எபிசோட் அஞ்சாவதா போட்டேன். பட்டி தான் கைடு, ஸ்டூடன்ட் வீட்டு வேலை எல்லாம் செஞ்சுட்டு கிடப்பான். 89-ல நீயும் நானும் இதுக்குத் தான் உருண்டு உருண்டு சிரிச்சோம். பத்து நிமிஷத்துக்கு மேல என்னால உக்கார முடியல. நிறுத்திட்டு பால்கனில போய் நின்னேன்.

உனக்கு நான் சொல்லவே வேண்டாம், ஆனா எழுதணும் போல இருக்கு. 1996-லேந்து 2000 வரைக்கும் நாலு வருஷம். என் கைடு வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் புக் பண்ணியிருக்கேன், கரன்ட் பில் கட்ட க்யூல நின்னிருக்கேன், லாஜ்பத் நகர்ல புடவைக்கு ஃபால் தைக்கக் கொடுத்து வாங்கியிருக்கேன், பையனோட ஹாலிடே ஹோம்வொர்க்குக்கு தெர்மக்கோல்ல எரிமலை செஞ்சு கொடுத்திருக்கேன். என் மூணாவது சாப்டர் எட்டு மாசம் அதே வீட்டு ஃப்ரிட்ஜ் மேல கிடந்துச்சு, மேல அப்பளக் கட்டு வேற. சிந்தடிக் கெமிஸ்ட்ரில ராப்பகலா ரியாக்‌ஷன் போட்டு எடுத்த டேட்டா அது. ஒரு வார்த்தை படிக்கல. கேட்டா, பாக்கலாம் பேட்டான்னு பதில். கடைசில ஃபெலோஷிப்பும் முடிஞ்சுது, நானும் விட்டுட்டேன். பி.எட் பண்ணினேன், டீச்சர் ஆனேன், இந்த வேலை எனக்குப் பிடிச்சு தான் செய்யறேன், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அந்த நாலு வருஷத்துக்கு எனக்கு யாரும் இன்னிக்கு வரைக்கும் பதில் சொல்லல.

அந்த ராத்திரி உனக்கு ஞாபகம் இருக்கா? கைடோட மச்சானை ரிசீவ் பண்ண நியூ டெல்லி ஸ்டேஷன்ல ரெண்டு பேரும் நின்னோம், ஜனவரி, மூடுபனில வண்டி ஆறு மணி நேரம் லேட்டு. நான் அழுதுட்டு இருந்தேன். நீ குல்லாவைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுட்டு, "ஏய், இது ஃப்ளாப் ஷோ டீ"ன்னு சொன்ன. அவ்வளவு தான், பிளாட்பாரத்துலயே உக்காந்து வயிறு வலிக்க சிரிச்சோம். அதுவரைக்கும் தப்பு என் மேல தான்னு நினைச்சிட்டு இருந்தேன், நான் சரியா எழுதல, எனக்குத் திறமை பத்தலன்னு. நீ அந்தப் பேரைச் சொன்னதும் தான் இது எனக்கு மட்டும் நடக்கற விஷயம் இல்ல, எல்லாருக்கும் தெரிஞ்ச, டிவில வர அளவுக்குப் பழகிப்போன விஷயம்னு உறைச்சுது. அன்னிக்கு நீ வரலன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ, இத்தனை வருஷத்துல உனக்கு இதைச் சொன்னதே இல்ல, இப்போ சொல்றேன்.

பால்கனிலேந்து திரும்பி வந்து மிச்சத்தையும் பாத்தேன். முதல்ல எனக்குக் கோபம் தான் வந்துச்சு, எதுக்கு அந்த கைடை இவ்வளவு நல்லவனா, பிடிக்கற மாதிரி காட்டறார்னு. ரெண்டாம் தடவை பாத்தப்போ தான் புரிஞ்சுது. வில்லன் மாதிரி ஒருத்தரைப் போட்டிருந்தா, இது யாரோ கெட்டவன் செய்யறதுன்னு பாக்கறவங்க நிம்மதியா இருந்திருப்பாங்க. இவர் தன் முகத்தையே கொடுத்தார், அதுவும் நமக்குப் பிடிச்ச முகத்தை. என் கைடும் அன்னிக்கு ஏதோ ஒரு ரூம்ல உக்காந்து இதைப் பாத்து சிரிச்சிருக்கணும். சிரிச்சுட்டு, ஏழு வருஷம் கழிச்சு என்னை சிலிண்டர் புக் பண்ண அனுப்பினாங்க. நம்ம அப்பாக்கள் காலத்துல மினிஸ்டர் ஊழலைப் பத்தி எத்தனையோ பேர் எழுதினாங்க, பேசினாங்க. பக்கத்து டேபிள்ல இருக்கற கிளார்க், டாக்டர், கான்ட்ராக்டர், ப்ரொஃபசர், இவங்க பண்ற சின்னச் சின்ன திருட்டை வாராவாரம் எடுத்துக் காட்டினது இவர் தான், எனக்குத் தெரிஞ்சு.

அவர் 2012-ல போய்ட்டார், தெரியுமில்ல? அக்டோபர் 25 அதிகாலை, ஜலந்தர் பக்கம் ஷாகோட் கிட்ட கார் ஆக்ஸிடென்ட். பவர் கட்னு ஒரு படம் எடுத்து அதோட ப்ரமோஷனுக்குப் போயிட்டு இருந்தார், மறுநாள் ரிலீஸ். 57 வயசு. ஃப்ளாப் ஷோல அவர் கூட நடிச்ச விவேக் ஷௌக் அதுக்கு முந்தின வருஷமே போய்ட்டார். பட்டிக்கு அடுத்த வருஷம் பத்ம பூஷண் கொடுத்தாங்க. நியூஸ்ல பாத்த அன்னிக்கு நான் பரீட்சை பேப்பர் திருத்திட்டு இருந்தேன்னு நினைக்கறேன், ஐயோன்னு சொல்லிட்டு அடுத்த பேப்பரை எடுத்துட்டேன். இப்போ அது எனக்கு ரொம்ப உறுத்துது.

ஒரு உதவி பண்ணணும் நீ. மாடி ஆன்ட்டி மொஹாலிக்குப் போனப்புறம் உங்க அக்கா கூட கொஞ்ச நாள் பேசிட்டு இருந்தாங்க இல்ல? அங்கிள் போனதுக்கு நான் ஒரு கார்டு கூடப் போடல. அக்கா கிட்ட நம்பர் இருக்கான்னு கேட்டுப் பாரு, பழைய லேண்ட்லைனா இருந்தாலும் பரவால்ல. அந்த பத்து எபிசோட் லிங்கை அவங்க பேத்தி யாருக்காவது அனுப்பி, ஆன்ட்டி டிவில பெருசா போட்டுப் பாக்கற மாதிரி செய்யச் சொல்லணும். அன்னிக்கு அவங்க திரையையே பாக்கலயே டீ, இப்போவாவது பாக்கட்டும்.

அம்மாவை தினம் ரெண்டு வேளை நடக்கச் சொல்லு. நம்பர் கிடைச்சதும் அனுப்பு.

உன்
ரமா