இருமனத்தோடு இருந்த நாட்களில் கூட நின்றவர்களுக்கு

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு, ஸ்தோத்திரம்.

பப்புவா நியூ கினியின் மடாங் கடற்கரையில் எங்கள் ஊழியக் காலம் முடிந்தது. நாங்கள் நன்றிக்கடன் பட்டிருக்கிறவர்களின் பட்டியல் நீளம்; பலனாயிருந்த உதவிகளை மட்டும், அடுத்துப் போகிறவர்களுக்கும் பயன்படும்படி எழுதுகிறோம்.

முதல் நன்றி மருந்தகத்து நர்ஸ் அக்காவுக்கு. “ஆண்டவர் கைவிட்டாரோ என்று தோன்றினால், முதலில் விரலைக் குத்தி மலேரியா பாருங்கள்” என்பது அவர் சட்டம். குளிர் தொடங்குமுன்பே அலுப்பும் தலைவலியும் எரிச்சலும் வந்துவிடும்; அந்த நேரத்தில் வேதம் வாசித்தால் எதுவும் ஒட்டாது. மலேரியா வராமல் தடுக்கும் மாத்திரையிலும் கவனம் வேண்டும். மெஃப்ளோகுயின் வாரத்துக்கு ஒன்று, வசதிதான். ஆனால் சிலருக்குக் கெட்ட கனவும் பதற்றமும் மனச்சோர்வும் தரும். அதை விசுவாசக் குறைவு என்றெண்ணி உபவாசம் இருப்பது வீண். டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றவேண்டும். டாக்ஸிசைக்ளின் தினமும் 100 மி.கி., அங்கிருந்து கிளம்பிய பிறகும் 4 வாரம். சாப்பிட்டபின் முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். கர்ப்பிணிகளுக்கு ஆகாது. விவாக்ஸ் வகை மலேரியாக் கிருமி ஈரலில் பதுங்கி, மாதங்கள் கழித்தும் எழும்பும். அதற்குப் பிரைமாகுயின் என்ற மருந்து உண்டு. ஜி6பிடி என்ற நொதி ரத்தத்தில் போதுமான அளவு இருக்கிறதா என்று பரிசோதனை செய்யாமல் அதைத் தொடக்கூடாது, அந்த நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு ரத்த அணுக்கள் உடையும்.

இது புதுப் பாடமும் அல்ல. 1886-ல் அதே நாட்டின் ஃபின்ஷாஃபன் பக்கம் வந்த ஜெர்மன் மிஷனரி யோகான்னஸ் ஃபிளியர், காய்ச்சலுக்குத் தப்ப 1892-ல் சாட்டல்பெர்க் மலைமேல் நிலையம் அமைத்தார். ஜெபத்தோடு உயரமும் தேவைப்பட்டது!

அடுத்து, அந்நாட்டுப் பொதுமொழியான டோக் பிசின் கற்றுக்கொடுத்த அண்ணன்மார். ‘யுமி’ என்றால் நாம், ‘மிபெலா’ என்றால் நாங்கள். ஆங்கிலக்காரர்கள் தடுமாறும் இடம் இது. தமிழருக்கு ஒரே நாளில் வந்துவிடும். ஆனாலும் ஜெபத்தில் நாக்குப் பிசகும். பாவ அறிக்கையில் ‘யுமி’ போட்டால் ஆண்டவரையும் பாவத்தில் கூட்டுச் சேர்த்ததாகிவிடும். சிரிக்காமல் திருத்திய பொறுமைக்கு நன்றி.

அவர்கள் தந்த இன்னொரு சொல் பெரியது. ‘பெல்’ என்றால் வயிறு, மனசுக்கும் அதுவே. ‘பெல் இசி’ சமாதானம், ‘பெல் ஹெவி’ துக்கம், ‘தனிம் பெல்’ மனந்திரும்புதல். சந்தேகத்துக்கு ‘டூ பெல்’, இரண்டு வயிறு. நம் யாக்கோபு நிருபத்தின் ‘இருமனமுள்ளவன்’ அப்படியே நிற்கிறான். நம் பக்கம் அந்த வசனத்தைக் கண்டிக்க எடுப்பார்கள். அங்கே ஒரு மூப்பர், “எனக்கும் டூ பெல்தான், நீங்களும் ஜெபியுங்கள்” என்று ஆராதனை நடுவிலே எழுந்து சொல்வார். யாரும் முகம் சுளிப்பதில்லை. “என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று சுவிசேஷத்தில் அழுத தகப்பனின் பிள்ளையும் சுகமாயிற்றே.

ஓடுபாதைப் புல்லைக் கத்தியால் வெட்டிவைத்த இளைஞர்களுக்கும் நன்றி. மத்தியானத்துக்குள் மலைமேல் மேகம் மூடிவிடும், ஆகவே சின்ன விமானம் காலையிலேயே வரவேண்டும்; புல் உயர்ந்தாலோ தரை ஈரமானாலோ இறங்காது. மருந்தும் கடிதமும் அன்றைக்கு இல்லை.

ஊரில் ஊழியத்துக்கென்று கைப்பிடி அரிசி எடுத்துவைத்த அம்மாமாருக்கு என்ன சொல்ல! ஜெபக்குறிப்பில் ஞானஸ்நான எண்ணிக்கை மட்டும் வேண்டாம், தூக்கம் வருகிறதா என்றும் எழுதுங்கள் என்று கேட்டவர்களும் நீங்களே. பதிலுக்கு உடனே வசனம் அனுப்பாமல், “வாசித்தோம்” என்று மட்டும் எழுதிய சிலருக்குத் தனி நன்றி. அந்த ஒரு வரி போதுமாயிருந்தது.

மீந்த பணத்தில் மருந்திட்ட கொசுவலைகள் வாங்கி மருந்தகத்தில் ஒப்படைத்தோம். ரசீதுகள் குருவானவரிடம் இருக்கின்றன. அறுப்பின் பண்டிகையன்று கணக்கு வாசிக்கப்படும்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் ஊழியர்கள்