எண்ணெய் முழுவதும் புகையாகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு மாணவர் பகுதியில் எண்ணெய் மின் நிலையம் பற்றி வந்த கட்டுரையை என் பேத்தி உரத்து வாசித்தாள். எண்ணெய் எரிந்து கொதிகலனில் நீராவி உண்டாகும், நீராவி சுழலியைச் சுழற்றும், எண்ணெய் முழுவதும் புகையாகிவிடும் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கடைசி வரியைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கொதிகலன் விளக்கம் 1960களில் கொழும்பின் களனிதிஸ்ஸவில் அமைந்த நீராவி நிலையத்துக்குப் பொருந்தும். கொழும்புக்கு அருகே சப்புகஸ்கந்தவிலும் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திலும் நிறுவப்பட்டவை டீசல் இயந்திரங்கள். சிலிண்டருக்குள் எண்ணெய் எரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. அந்த விசைதான் மின்பிறப்பாக்கியைச் சுழற்றுகிறது. நான் அப்படியோர் இயந்திர அறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். அதில் எரிக்கும் உலை எண்ணெய் தார் போலத் தடித்தது. சூடாக்காமல் குழாயில் நகராது. நூறு பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினால்தான் சிலிண்டருக்குள் தெளிக்க முடியும். அதற்கு முன் வேகமாகச் சுழற்றி, நீரையும் அழுக்கையும் பிரிக்க வேண்டும். பிரிந்து வரும் கறுப்புச் சேறும், இயந்திரத்தில் பழசாகி மாற்றிய மசகெண்ணெயும், தரை கழுவிய எண்ணெய் நீரும் புகையாவதில்லை. தொட்டியில் சேரும். முறையாக அகற்றாவிட்டால் மண்ணுக்குள் இறங்கும்.

இறங்கியதே, ஐயா! வற்றாத ஆறில்லாத எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குச் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் நீர்தான் கதி. சுன்னாகத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதந்து, சனங்கள் குடத்துடன் தண்ணீர்ப் பவுசருக்குக் காத்து நின்றதை நீங்கள் அறியாதவரா? அங்கே மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா வழங்க வேண்டும் என 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் அந்தக் கிணறுகளைப் பற்றி உங்கள் பத்திரிகையில் ஒரு வரி வரவில்லை. இரண்டு முறை எழுதிக் கேட்டேன், பதிலும் இல்லை.

2022 மார்ச்சில் எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் 13 மணி நேரம் மின்வெட்டு வந்தபோதும், சனங்கள் சிக்கனமாக இருக்க வேண்டும் என்றுதான் தலையங்கம் எழுதினீர்கள். அவ்வாண்டு ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. அதையும் கட்டினோம். மின்சாரத்துக்குக் காசும் கொடுத்து, கிணற்றையும் கொடுத்த சனங்களின் பிள்ளைகளுக்கு, எதுவும் மிஞ்சாது என்று கற்பிப்பது நியாயமா?

வரும் ஞாயிறு அந்த வரியைத் திருத்தி, எண்ணெய்க் கழிவு எங்கே போகிறது என்று நான்கு வரி சேர்த்துப் போடுங்கள். படம் வரைந்து தரவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயந்திர இயக்குநர்,
வலிகாமம்.