ஏர்பேக் விளக்கை அணைப்பது வேறு, பழுதைப் பார்ப்பது வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வார வாகனப் பக்கத்தில் ஒரு வாசகர், தன் காரில் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். பதில் மூன்றே வரி. பேட்டரியின் நெகட்டிவ் கம்பியை 10 நிமிடம் கழற்றி வைத்துவிட்டு மாட்டுங்கள். அப்படியும் போகவில்லை என்றால் ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம், அதாவது மின்தடை, பாருங்கள் என்று எழுதியிருந்தீர்கள். 26 வருடம் கார் எலக்ட்ரீஷியனாக இருந்தவன் நான். அந்த யோசனையில் முதல் பாதி பயனில்லாதது, இரண்டாம் பாதி ஆபத்தானது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விளக்கு. சாவியைத் திருப்பியதும் பெல்ட் போட்ட ஒருவர் உட்கார்ந்திருக்க, முன்னால் ஒரு உருண்டை இருப்பது போன்ற படம் எரியும், சில நொடிகளில் அணையும். வாத்தியார் அட்டெண்டன்ஸ் எடுப்பது போல, அந்த நேரத்தில் ஏர்பேக் அமைப்பின் மூளையான கண்ட்ரோல் யூனிட் ஒவ்வொரு ஏர்பேக், ஒவ்வொரு பெல்ட், ஒவ்வொரு சென்சார் என்று கூப்பிட்டுப் பார்க்கிறது. ஒன்று பதில் சொல்லாவிட்டாலும் விளக்கை அணைக்காது. வண்டி ஓடும்போதும் இந்தக் கண்காணிப்பு தொடரும். கண்ட பழுதைக் குறியீடாக எழுதியும் வைத்துக்கொள்ளும். பெரும்பாலான கார்களில் அந்தப் பதிவு பேட்டரியைக் கழற்றினாலும் அழியாது. அப்படியென்றால் சிலருக்கு பேட்டரியைக் கழற்றி மாட்டியதும் விளக்கு அணைந்தது எப்படி? அது லூஸ் காண்டாக்ட். அந்த நேரம் பார்த்துத் தானாகச் சேர்ந்திருக்கும். அடுத்த பள்ளத்தில் மறுபடி பிரியும். விளக்கு எரியும்போது சில கார்களில் பழுதான சர்க்யூட் மட்டும் நிற்கும், சிலவற்றில் மொத்த அமைப்பும் நிற்கும். தன் கார் எந்த ரகம் என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது.

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். எங்கள் காரில் இந்த விளக்கு ஒரு மாதம் கண்ணாமூச்சி ஆடியது. நான் ஓட்டினால் எரியாது. என் மகள் எடுத்துக்கொண்டு போனால் எரியும். “நீ எதையோ போட்டு அமுக்குகிறாய்” என்று அவளைத் திட்டியும் இருக்கிறேன். பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினால், டிரைவர் சீட் பக்கவாட்டு ஏர்பேக் சர்க்யூட்டில் மின்தடை அதிகம் என்று பழைய பதிவாக நின்றது. அந்த நேரத்துப் பழுது என்று எதுவும் இல்லை. அழித்தேன், மறுபடி வந்தது. இரண்டாம் முறையும் அழித்தேன். (ஆமாம், நானும்தான்.) ஒரு நாள் அவளே கேட்டாள்: “அப்பா, நான் ஏறினதும் சீட்டை முன்னால இழுப்பேனே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?”

அவள் என் தோளுக்குத்தான் வருவாள். சீட்டை முழுக்க முன்னால் தள்ளிவிட்டு, டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தேன். தரையிலிருந்து சீட்டுக்கு ஏறும் வயர்க் கற்றையைப் பிடித்து வைக்கும் கிளிப் கழன்று கிடந்தது. சீட் முன்னால் போகும்போதெல்லாம் கற்றை விறைத்து மஞ்சள் கனெக்டரைக் கோணலாக இழுக்கும். பின்னால் வந்தால் தளர்ந்துவிடும். கனெக்டருக்குள் ஒரு பின் லேசாகக் கறுத்திருந்தது. அவ்வளவுதான் பழுது. மகளிடம் மன்னிப்புக் கேட்டேன், ஒழுங்காக ஏற்றுக்கொள்ளவில்லை.

இந்த வேலையில் ஸ்கேனர் இடத்தைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. காரணத்துக்கு ஆளைக் கேட்க வேண்டும். விளக்கு எப்போது வருகிறது, யார் ஓட்டும்போது, சீட்டை நகர்த்தினீர்களா, உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவினீர்களா, கார்ப்பெட் ஈரமாக இருக்கிறதா, சீட்டுக்கு அடியில் குடையோ பையோ திணித்தீர்களா, பேட்டரி இறங்கி வேறு வண்டியிலிருந்து கரண்ட் எடுத்தீர்களா? இதையெல்லாம் கேட்காமல் நேராக உதிரிபாகத்தை மாற்றச் சொல்கிறவரிடம் நான் என் வண்டியைக் கொடுக்க மாட்டேன். இன்னொன்றும் உண்டு. கைப்பேசியில் இணைக்கிற சின்ன ஸ்கேனர்களில் பல, எஞ்சின் குறியீடுகளை மட்டுமே படிக்கும். அதில் “பழுது இல்லை” என்று வந்தால் ஏர்பேக்கிலும் இல்லை என்று அர்த்தமாகாது.

சரி, ஒரு பின் கறுத்ததற்கு இவ்வளவு அமர்க்களமா என்று கேட்கலாம். ஏர்பேக்கைக் கொளுத்துகிற இழையின் மின்தடையே ஏறக்குறைய 2 ஓம்தான். கனெக்டரில் இன்னும் ஒரு ஓம், இரண்டு ஓம் கூடினாலே கண்ட்ரோல் யூனிட்டுக்குக் கணக்கு உதைக்கும். காரின் உள்விளக்கு கனெக்டரில் இதே அளவு அழுக்கு இருந்தால் யாருக்கும் தெரியவே தெரியாது.

இப்போது மல்டிமீட்டர். ஏர்பேக்கும், மோதலில் பெல்ட்டை வெடுக்கென்று இழுத்து இறுக்கும் ப்ரீடென்ஷனரும் உண்மையில் சின்ன வெடிகள். இன்றைய கார்களில் பரவலாக உள்ள வகை, 1.2 ஆம்பியர் மின்சாரம் ஒரு நொடியில் 500இல் ஒரு பங்கு நேரம் பாய்ந்தால் கொளுத்திக்கொள்ளும். பை ஊதி முடிவதற்குள் நீங்கள் கண் இமைத்திருக்கக்கூட மாட்டீர்கள். ஓம் அளக்கும்போது மீட்டர் தன் பேட்டரியிலிருந்து கரண்ட் அனுப்பித்தான் அளக்கிறது. நல்ல டிஜிட்டல் மீட்டரில் அது மில்லிஆம்பியர் கணக்குத்தானே என்று சில இளைஞர்கள் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். கணக்கு சரி. ஆனால் வாசகர் கையில் இருப்பது எந்த மீட்டர் என்று உங்களுக்குத் தெரியுமா? பழைய ஊசி மீட்டர்கள் தாழ்ந்த ரேஞ்சில் பல மடங்கு அனுப்பும். மீட்டர் இல்லாதவர், கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லாம்பை எடுப்பார், அது இன்னும் மோசம். ஏர்பேக்கை நேராக ஓம் மீட்டரால் அளக்காதே என்று சர்வீஸ் கையேடுகள் சொல்வது வீம்புக்காக இல்லை. அந்தக் கனெக்டர்களுக்குள்ளே ஒரு சின்னத் தகடு உண்டு. பிரித்தவுடன் ஏர்பேக் பக்கத்து இரண்டு முனைகளையும் அதுவே ஒன்றோடொன்று சேர்த்துவிடும், உடம்பின் நிலைமின்சாரம்கூட உள்ளே புகாதபடி. தயாரித்தவர் இவ்வளவு பயந்து செய்த இடத்தில் நாம் ஊசியை நுழைக்கிறோம்.

நீங்கள் எழுதிய 10 நிமிடம் வேறொரு காரணத்துக்கு நல்ல பழக்கம். மோதலில் பேட்டரி அறுந்துபோனாலும் ஏர்பேக் விரிய வேண்டும் என்று கண்ட்ரோல் யூனிட்டுக்குள் கெபாசிட்டர்களில் மின்சாரம் சேர்த்து வைத்திருப்பார்கள். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது கொஞ்ச நேரம் உயிரோடிருக்கும். 1 நிமிடம் காத்திரு என்கிற கையேடும் உண்டு, 10 நிமிடம் என்கிறதும் உண்டு. உங்கள் காருக்கு எது என்று பார்த்துவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். கழற்றிய ஏர்பேக்கை மூடி மேல்நோக்கி இருக்கும்படி வைக்க வேண்டும். கவிழ்த்து வைத்து அது வெடித்தால் ராக்கெட் மாதிரி மேலே கிளம்பும். திரும்ப பேட்டரி மாட்டும்போது காருக்குள் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது.

அளக்கக் கூடாது என்றால் எப்படித்தான் கண்டுபிடிப்பது? ஏர்பேக்கைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் அதே அளவு மின்தடை தரும் 2 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை, டம்மி என்போம், மாட்ட வேண்டும். பிறகு பேட்டரி கொடுத்து ஸ்கேனரைப் பார்க்க வேண்டும். பழுது போய்விட்டதா, அப்படியானால் கோளாறு ஏர்பேக்கில் அல்லது அதன் கனெக்டரில். இன்னும் நிற்கிறதா, கோளாறு இந்தப் பக்கம், வயரிங்கில். அப்புறம் டம்மியை ஒரு கனெக்டர் பின்னால் நகர்த்து, மறுபடி பார். ஒவ்வொரு முறையும் பேட்டரியைக் கழற்று, காத்திரு, மாட்டு. அலுப்பான வேலைதான். இரண்டு மணி நேரம் போய்விடும்.

ஸ்டீயரிங் ஏர்பேக்கில் பழுது காட்டினால் நான் முதலில் பார்ப்பது ஹாரனை. ஸ்டீயரிங்குக்கு அடியில் கிளாக் ஸ்பிரிங் என்று ஒரு பாகம், டேப் போன்ற தட்டையான வயர் சுருளாக இருக்கும். ஸ்டீயரிங் சக்கரம் திரும்பத் திரும்ப அது சுருண்டு விரிந்து கரண்ட் கடத்தும். ஏர்பேக், ஹாரன், ஸ்டீயரிங்கில் உள்ள பாட்டு பட்டன்கள் எல்லாம் பெரும்பாலும் அதன் வழியாகத்தான். ஹாரனும் பட்டன்களும் சேர்ந்து செத்திருந்தால் பாதித் துப்பு கிடைத்துவிட்டது. ஸ்டீயரிங் ராடு வேலைக்கு விட்ட வண்டியில் சக்கரத்தை இஷ்டத்துக்குச் சுற்றிவிட்டு, சுருளின் நடுப்புள்ளி பார்க்காமல் மாட்டி, முதல் முழுத் திருப்பத்திலேயே அதை அறுத்துவிட்ட கதைகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

நான் சொன்ன அதே 2 ஓம் ரெசிஸ்டர்தான் திருட்டு வேலைக்கும் பயன்படுகிறது. ஒரு மோதலில் விரிந்துபோன ஏர்பேக்கை மாற்றாமல், கனெக்டரில் ரெசிஸ்டரைச் சொருகி மூடிவிட்டால் கண்ட்ரோல் யூனிட் ஏமாந்துவிடும். ஒரு முறை பழைய கார் ஒன்றைப் பார்க்கச் சொன்னார்கள். விளக்கு சமர்த்தாக அணைந்தது. ஸ்டீயரிங் மூடியைத் திறந்தால் உள்ளே ஏர்பேக்கே இல்லை. இரண்டு கால் முளைத்த ஒரு ரெசிஸ்டர் டேப் சுற்றிக் கிடந்தது. அந்த ஸ்டீயரிங்குக்கு எதிரே ஒருவர் இத்தனை நாள் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறார் என்று நினைத்தபோது எனக்கு வேலையே ஓடவில்லை.

அதைவிட மட்டமான வழியும் உண்டு. ஏர்பேக் விளக்கின் வயரை பேட்டரி விளக்கோடு முடிந்துவிடுவார்கள். இதைப் பிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். பேட்டரி, ஆயில் விளக்குகள் எரிந்துகொண்டே இருக்க, ஏர்பேக் விளக்கு மட்டும் சில நொடிகளில் தனியாக அணைய வேண்டும். எஞ்சின் கிளம்பும் வரை காத்திருந்து மற்றவற்றோடு சேர்ந்து அணைந்தாலோ, எரியவே இல்லை என்றாலோ சந்தேகப்படுங்கள். ஆனால் ரெசிஸ்டர் திருட்டு இந்தச் சோதனையில் மாட்டாது, அதற்குத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

பெல்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று முனை பெல்ட்டை வோல்வோவில் நீல்ஸ் போலின் 1959இல் கொண்டுவந்தார். ஏர்பேக் அதற்குத் துணையாகப் பின்னால் வந்ததுதான். பெல்ட் கொக்கிக்குள்ளும் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. பீப் சத்தத்தை நிறுத்த அதில் சொருகும் வெறும் கொக்கியை வாங்கி வைத்திருக்கிறவர்களைப் பார்க்கிறேன். பெல்ட் போட்டிருக்கிறார் என்று கண்ட்ரோல் யூனிட்டிடம் பொய் சொல்லும் பொருள் அது. பெல்ட் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து ஏர்பேக்கை எப்போது விரிப்பது என்று முடிவெடுக்கும் கார்களும் உண்டு.

மின்சாரப் பழுது ஏர்பேக்கை ஊமையாக்கும் என்பது என் கற்பனை இல்லை. 2014இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. சாவி ஸ்விட்ச் தளர்வாக இருந்ததால், சாவிக்கொத்தின் பாரத்திலோ ஒரு குலுக்கலிலோ அது நழுவி, ஓடும் வண்டியின் எஞ்சினோடு ஏர்பேக்கும் சேர்ந்து நின்றுபோனது. 124 மரணங்களுக்கு அந்த நிறுவனத்தின் இழப்பீட்டு நிதி பொறுப்பேற்றது.

ஆகவே அந்த மூன்று வரிப் பதிலுக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். மல்டிமீட்டர் பகுதியை யாராவது கத்தரித்து வைத்துக்கொள்வதற்குள் வெளியிட்டால் நல்லது. கேள்வி கேட்ட வாசகர், ஏர்பேக் குறியீடுகளைப் படிக்கத் தெரிந்த ஸ்கேனர் உள்ள இடத்துக்குப் போகட்டும். குறியீட்டை அழிப்பதற்கு முன் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளட்டும். அவரிடம் எனக்காக ஒன்று கேட்டுச் சொல்ல முடியுமா? அவர் காரில் ஹாரன் அடிக்கிறதா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கார் எலக்ட்ரீஷியன் ஒருவர்