புகார்: சுடச் சுட நகரும் ஸ்கோப் மவுண்ட், அதன் பெட்டியில் உள்ள தவறான வாசகம்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) ரைபிளோடு பிடித்து வைக்கும், உங்கள் தயாரிப்பான 30 மி.மீ. மவுண்டை வாங்கி என் ரைபிளில் பொருத்தியிருந்தேன். அது ஜீரோவை, அதாவது குறிவைத்த இடத்திலேயே தோட்டா விழும்படி செய்த அமைப்பை, பிடித்து வைக்கவில்லை என்று முன்பே எழுதினேன். "0.1 மி.மீ. வித்தியாசம் தயாரிப்பில் இயல்பு, டர்ரெட்டைத் (ஸ்கோப்பின் குறியை நகர்த்தும் குமிழைத்) திருப்பிச் சரிசெய்துகொள்ளுங்கள்" என்று உங்களிடமிருந்து பதில் வந்தது. அந்தப் பதிலை ஏற்க முடியாததால்தான் இந்தக் கடிதம்.

முதலில் அந்த 0.1 மி.மீ. பற்றி. ஸ்கோப்பைப் பிடிக்கும், இந்த மவுண்டின் இரு வளையங்களுக்கும் நடுவே 100 மி.மீ. இடைவெளி. ஒரு வளையம் மட்டும் 0.1 மி.மீ. விலகினால், 100 மீட்டர் தொலைவில் குறி 10 சென்டிமீட்டர் தள்ளிப்போகும். ஒரு காகிதத்தின் தடிமன் அளவு விலகல், இலக்கில் ஓர் உள்ளங்கை அகலம் ஆகிவிடுகிறது. அந்த விலகல் ஒரே இடத்தில் நின்றால் நானும் குறை சொல்ல மாட்டேன். என் ஸ்கோப்பின் டர்ரெட்டை ஒரு கிளிக் திருப்பினால் குறி 100 மீட்டரில் 1 சென்டிமீட்டர் நகரும். பத்து கிளிக் திருப்பினால் தீர்ந்தது. உங்கள் மவுண்டில் விலகல் நிற்பதில்லை, சுடச் சுட நகர்கிறது. நகர்ந்துகொண்டே இருக்கும் குறியை எந்த டர்ரெட்டாலும் சரிசெய்ய முடியாது.

பொருத்தியதில் குறையிருக்கும் என்று நீங்கள் சொல்லக்கூடும் என்பதால் நான் செய்ததை எழுதுகிறேன். ரைபிளின் மேல் மவுண்ட் அமரும், பள்ளங்கள் வெட்டிய உலோகப் பட்டையான ரயிலையும் மவுண்டின் அடிப்பகுதியையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்தேன். மவுண்டை ரயில் பள்ளத்தின் முன்சுவரில் படும்படி முன்னோக்கித் தள்ளிப் பிடித்துக்கொண்டு இறுக்கினேன். சுடும்போது ரைபிள் பின்னால் உதைக்கும், கனமான ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அதனால் மவுண்ட் ரயிலின் மேல் முன்னோக்கித்தான் வழுக்கும். இந்த முக்கியமான விஷயத்தைப் பற்றி உங்கள் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. இறுக்க வேண்டிய அளவும் இல்லை, "நன்றாக இறுக்கவும்" என்று மட்டும் இருக்கிறது. டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவை அளந்து காட்டும் திருகுச் சாவி) வைத்திருப்பவருக்கு அந்த இரண்டு சொற்களால் என்ன பயன்? வளையத் திருகுகளை, ஸ்கோப்பின் குழாய் நசுங்காதபடி, இரண்டு நியூட்டன் மீட்டருக்கு மேல் போகாமல் முடுக்கினேன்.

போல்ட்டை (குழலின் பின்வாயை மூடும் பாகத்தை) கழற்றி, குழல் வழியே தெரியும் இடமும் ஸ்கோப்பின் குறியும் ஒன்றாகும்படி முதலில் ஒத்துவைத்தேன். பிறகு 25 மீட்டரில் சுட்டு, துளைகள் இலக்குத் தாளில் விழும்படி கொண்டுவந்து, 100 மீட்டரில் ஜீரோ செய்தேன். முதலில் துளைகள் நெருக்கமாக, சரியான இடத்தில் விழுந்தன. குழல் ஆறிய பிறகு மறுபடி சுட்டபோது அதே நெருக்கம் இருந்தது, ஆனால் துளைகளின் கூட்டமே வலப்பக்கம் தள்ளிப்போயிருந்தது. திருத்திச் சுட்டேன், மறுபடி தள்ளிப்போனது. ரயிலுக்கும் மவுண்டுக்கும் குறுக்கே பேனாவால் போட்டுவைத்த கோடு இரண்டாகப் பிரிந்திருந்தது. கழற்றிப் பார்த்தால், மவுண்டை ரயிலோடு இறுக்கும் பிடிப்பானின் ஒரு மூலையில் மட்டும் பூச்சு தேய்ந்திருக்கிறது. மறுமூலை ரயிலைத் தொடவே இல்லை.

அதே ரைபிள், அதே ஸ்கோப், அதே தோட்டாக்களோடு என் பழைய மவுண்டை மாட்டி மறுபடி ஜீரோ செய்தேன். இன்றுவரை அது அசையவில்லை. குறை எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

பொருளின் குறையைவிட எனக்குக் கவலை தருவது பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாசகம்: "பழைய மவுண்டிலிருந்து மாறினாலும் மீண்டும் ஜீரோ செய்யத் தேவையில்லை." நல்ல மவுண்ட் ஒன்றைக் கழற்றி, அதே ரயிலின் அதே பள்ளத்தில் திரும்ப மாட்டினால் ஜீரோ ஏறக்குறைய பழைய இடத்துக்கு வரும். அது உண்மை. வேறு மவுண்டுக்கு மாறினால் அப்படி வரவே வராது. வளையங்களின் நேர்கோடு வேறு, உயரம் வேறு, சாய்வு வேறு. 20 எம்.ஓ.ஏ. (ஓர் எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) சாய்வு மட்டுமே 100 மீட்டரில் 58 சென்டிமீட்டர் வித்தியாசம். உங்கள் மவுண்டில் சாய்வு உண்டா இல்லையா என்பதைக்கூடப் பெட்டி சொல்லவில்லை. உயரம் மாறினால், 100 மீட்டரில் ஜீரோ செய்த பிறகும் மற்றத் தொலைவுகளுக்கான கணக்கை மாற்றித்தான் ஆக வேண்டும்.

புதிதாகச் சுடப் பழகும் ஒருவர் அந்த வாசகத்தை நம்பி, ஒரு தோட்டாகூடச் சோதித்துப் பார்க்காமல் நேரே சுடப் போனால் என்ன ஆகும்? தோட்டா பின்தடுப்பு மண்மேட்டைத் தாண்டிப் போகலாம். வேட்டை அனுமதிக்கப்பட்ட இடத்தில் ஒரு விலங்கு அடிபட்டு, சாகவும் முடியாமல் ஓடலாம். துப்பாக்கியோடு சேரும் பொருளைச் செய்பவர்களுக்கு இது தெரியாததல்ல.

மவுண்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் தாருங்கள். மாற்று மவுண்ட் வேண்டாம். கையேட்டில் இறுக்கும் அளவுகளையும், முன்னோக்கித் தள்ளிப் பொருத்த வேண்டும் என்பதையும் சேருங்கள். பெட்டியில் உள்ள அந்த வாசகத்தை நீக்கி, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் தெரிவியுங்கள். இதே தொகுப்பில் வந்த மற்ற மவுண்டுகளின் பிடிப்பான்களைச் சோதித்தீர்களா என்பதையும் எனக்கு எழுத்தில் சொல்ல வேண்டும்.

ரசீது, இலக்குத் தாள்கள், பிரிந்த கோடு, தேய்ந்த மூலை ஆகியவற்றின் படங்களை இணைத்திருக்கிறேன். மவுண்டைத் துடைக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன். உங்கள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு எந்த முகவரிக்கு அனுப்பச் சொல்கிறதோ, அங்கே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்